கன்றுக்குட்டியின் கீற்று

என் அண்ணனுக்கு வெயிலைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரியும், நன்றாகவே தெரியும். எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்காததற்கு அதுதான் காரணம்.

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் அறைகள் கட்டி, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். வீட்டுக்குப் பின்னால் என் மாடுகள். ஒரு பங்குனிக் காலையில் நான் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள், கன்றுக்குட்டிக் கொட்டகைக்கு நான் புதிதாக வேய்ந்திருந்த தென்னங்கீற்றைப் பிரித்து மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டான். விருந்தாளிகள் உட்கார்ந்து மலையைப் பார்க்க அங்கே ஒரு குடில் வேண்டுமாம். கொட்டகைக்குத் தகர ஷீட் போட்டான். மேலே இருப்பவர்களுக்குச் சாணி வாடை போகக் கூடாதென்று மூன்று பக்கமும் சுவர் வைத்தான். அதில் ஒன்று காற்று வரும் பக்கம்.

"ஷீட்டு பர்மனெண்ட்டும்மா. வருசா வருசம் கீத்து மாத்துற வேலை கம்மி" என்றான். என்னவோ எனக்கு உபகாரம் செய்தவன் மாதிரி.

வேறு எங்கே கட்டுவது? புங்கமரத்தடியில் தாய்ப்பசு நிற்கிறது. அங்கே கட்டினால் நான் கறப்பதற்குள் கன்று முட்டிக் குடித்துவிடும். மீதி இடத்துக்கெல்லாம் கார் நிறுத்த சிமெண்ட் போட்டாயிற்று.

அக்னி நட்சத்திரம் வந்தது. ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் கன்றுக்குட்டி கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது, நாக்கு வெளியே தொங்கியது, எச்சில் ஒழுகியது. காலையில் வைத்த பாலைத் தொடவே இல்லை. தண்ணீரை எடுத்து ஊற்றினேன். காற்றில்லாத அந்த அடைப்புக்குள் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவிதான் அடித்தது. பொழுது சாய்ந்த பிறகும் சுவரில் கை வைக்க முடியவில்லை. செத்துப்போகும் என்று பயந்தேன்.

அண்ணன் வந்து பார்த்தான். "கண்ணு பட்டுடுச்சு. ரூமுக்கு வர்றவங்க எல்லாம் பாத்துப் பாத்து வெச்சுட்டாங்க" என்று சொல்லி, அதன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டு மேலே போனான். மறுநாள் காலையில் மாடியிலிருந்து அவன் குரல் கேட்டது. கீற்றைத் தட்டித் தட்டி யாரோ வெளிநாட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "நேச்சுரல் ஏசி, சார். தகரம் ஹீட்டு. திஸ் வெரி கூல்."

எனக்கு வந்த கோபத்தில் படி ஏறியதே தெரியவில்லை. குடிலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். விருந்தாளிகள் காப்பிக் கோப்பைகளோடு எழுந்து ஒதுங்கினார்கள்.

"மானத்த வாங்காத! கெஸ்ட்டுங்க பாக்கறாங்க!"

"பாக்கட்டும். கண்ணு பட்டா நீ ஒரு கயிறு கட்டிக்கோ."

கீற்றைக் கீழே தள்ளி, ஷீட்டின் மேலேயே கனமாகப் பரப்பினேன். பிறகு கடப்பாரையை எடுத்துக் காற்று வரும் பக்கத்துச் சுவரை இடித்தேன். அவன் மாடியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான், கிட்டே வரவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் கன்றுக்குட்டி எழுந்து நின்று பக்கெட்டில் வாயை வைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கயிற்றை அறுத்து எறிந்தேன்.

அதற்கப்புறம் அவனோடு நான் பேசவில்லை. கத்திரி முடிவதற்குள் ஒரு நாள் உச்சிவெயிலில் கரண்ட் போனது. அவன் பனியனோடு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். நான் இடித்த சுவர்ப் பக்கம் போட்டு உட்கார்ந்தான்.

"பரவால்லம்மா, இங்க நல்லா ஜில்லுனு இருக்குது" என்றான்.

நான் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னேன்:

"எழுந்து போ. கன்னுக்குட்டிக்குக் காத்து வர்ற எடத்துல ஒக்காந்திருக்க."