சிறியாநங்கைச் சாறும் சுபைதா அக்காவும்

கிருமியைப் பிள்ளை மாதிரி வளர்த்து, மறுநாளே அதைக் கொல்லப் பார்க்கிறதுதான் எங்க உத்தியோகம். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். கரண்டு போய் இன்குபேட்டர் நின்று, தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஸ்பிரிட் பார்த்த வேலை

ஸ்பிரிட்டில் இறக்கிய மூலிகைச் சாற்றில் தொட்ட காகித வில்லையைக் கிருமித் தட்டில் வைப்போம். சாறு வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். சிறியாநங்கைக்கு முதல் தடவையே எட்டணா அகலத்துக்கு வட்டம்! பேராசிரியை செல்வி மேடம் துள்ளிக் குதிக்காத குறை. எனக்கு மனசு ஒப்பவில்லை. சாறே இல்லாமல் வெறும் ஸ்பிரிட்டில் தொட்ட வில்லையை வைத்தேன். அதே வட்டம்! சாறு இறக்கிய ஸ்பிரிட்டைச் சரியாகக் காயவிடாமலே வைத்திருக்கிறோம்.

காயவைத்துத் திரும்பச் செய்தோம். வட்டம் சிறுத்தது, ஆனால் விழுந்தது. அது இலையின் சொந்தச் சம்பாத்தியம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மேடம் சொன்னார்: "நல்லவேளை, ஊரெல்லாம் சொல்றதுக்கு முந்திப் பாத்தே!"

பாய் கேட்ட குப்பி

எங்களுக்கு இலை கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த காதர் பாய். அடுத்த வருஷம் வெளியூர் லேப் ஒன்றில் அதே சாற்றைப் புற்றுநோய் செல்லின் மேல் விட்டார்கள். செல் செத்தது. சேதியைச் சொல்ல ஓடினேன். பாய் சிரிக்கவில்லை. ஒரு குப்பி வேணும் என்றார். கடைக்கா என்று கேட்டேன்.

"வீட்டுக்கும்மா. சுபைதாவுக்கு மார்ல கட்டி. மதுரையில ஆபரேஷன்னுட்டாவ. கத்தி வைக்க விடமாட்டேங்கா."

நல்ல செல்லும் கெட்ட செல்லும்

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "நீ காய்ச்சின சாறுதானே, தந்தா என்ன?" என்றார் பாயின் வீட்டுக்காரி சுபைதா அக்கா. பயத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அக்கா, அங்க நல்ல செல்லையும் வச்சுப் பாத்தாவ. அதுவும் சேந்து செத்துச்சு. நல்லது கெட்டது தெரியாத சாறு இது. இதை நம்பி உக்காந்தா கட்டி உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது!" அழுதார். என்னை வெளியே போகச் சொன்னார். மறுவாரம் மதுரைக்குப் போனார்.

ஆறு மாசம் கழித்து லேப்புக்கே வந்து நின்றார். "ஏட்டி, அன்னைக்கு உன்னை எம்புட்டு வைஞ்சேன் தெரியுமா? இப்பப் பாரு, ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கையைத் தூக்கி நானே தலை சீவுதேன்!"

எத்தனையோ சாறு காய்ச்சியும் என் பேர் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் அச்சாகவில்லை, ஆனால் ஒரு குப்பியைக் கொடுக்க மறுத்ததற்கு இம்புட்டுப் பெருமைப்படுகிற லேப் அசிஸ்டென்ட் என்னை விட்டால் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.