சிவப்புத் தாள் ஒட்டிய ஆறு பெட்டிகள்

இரண்டு வருடங்களுக்கு முன் பிராங்பேர்ட்டில் ஒரு வீட்டைக் காலி செய்யப் போயிருந்தேன். படிப்பு தலையில் ஏறாததால், அடுத்தவர் சாமான்களைத் தலையில் ஏற்றுவதுதான் எனக்குத் தொழில். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் பிறந்த சீனப் பெண்மணி. எழுபது தாண்டியவர், முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்தார்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம்: சிவப்புத் தாள் ஒட்டியது குப்பை. நிலவறையில் அப்படி ஆறு பெட்டிகள் இருந்தன. சந்தோஷமாகத் தூக்கி லொறியில் போட்டேன். என்னோடு வேலை செய்யும் அண்ணை அதைக் குப்பைக் கிடங்குக்கு ஓட்டிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா தேநீரோடு வந்தார். "சிவப்புத் தாள் ஒட்டினதெல்லாம் எங்கே?" என்று ஜெர்மனில் கேட்டார். எறிந்தாயிற்று என்றேன், பாராட்டுவார் என்ற நினைப்பில்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சீனர்களுக்குச் சிவப்பு மங்கலமாம். பத்திரமாக வைக்க வேண்டியதில்தான் ஒட்டியிருக்கிறார். எங்கள் சட்டத்தை நான் அவருக்குச் சொல்லவேயில்லை. அவருடைய அப்பா சீனப் படங்களை ஹாங்காங்கிலிருந்து வரவழைத்துச் சிங்கப்பூர் தியேட்டர்களுக்கு விட்டவர். அந்த வியாபாரத்தின் சுவரொட்டிகள், ஒப்பந்தங்கள், புகைப்படங்கள் எல்லாம் பெட்டிகளுக்குள். அவற்றை எடுத்துப் போய்ப் பாதுகாக்க இரண்டு மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருகிறது.

உடனே அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"கிடங்கு வாசல்ல. முன்னால ரெண்டு லொறி. ஏன்டா?"

"ஒண்டையும் கொட்டாதேங்கோ! அந்தப் பெட்டியள் வேணும்."

"விசரோ உனக்கு? நீதானே குப்பை எண்டு ஏத்தினனி!"

"ஓம் அண்ணை, குப்பை நான்தான். திரும்பி வாங்கோ!"

"ஏலாதடா, பின்னாலயும் லொறி நிக்குது."

"உங்கட காலில விழுறன்."

"போனில எப்பிடியடா விழுவாய்? பொறு, வாறன்."

அரை மணி நேரம் தெருவில் நின்று, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். சீனத் தெய்வங்களின் பெயர் தெரியாததால் அவர்களுக்குப் பொதுவாக ஒரு கும்பிடு. லொறி வந்தது. ஆறு பெட்டியும் இருந்தன. ஒவ்வொன்றாக நானே இறக்கி வைத்தேன்.

அந்த அம்மா ஒரு பெட்டியைத் திறந்து புகைப்படம் ஒன்றைக் காட்டினார். சைக்கிளில் படச்சுருள் தகரங்களோடு அவர் அப்பா. ஒரே பிரதியை இரண்டு தியேட்டரில் ஓட்டுவார்களாம். ஒன்றில் முடிந்த சுருளை அப்பா மற்றதுக்கு மிதித்துக்கொண்டு போவாராம். பிந்தினால் சனம் விசிலடித்துத் திட்டும், சுருள் வந்துவிட்டால் கைதட்டும் என்றார். சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து மெல்லக் கைதட்டினார்.

அந்தக் கைதட்டலுக்கு நான் தகுதியானவன் இல்லை, ஆனால் அன்றிலிருந்து யார் வீட்டிலும், "இது உங்களுக்கு என்ன?" என்று கேட்காமல் ஒரு பழைய தாளைக்கூட நான் தொடுவதில்லை.