பத்தாவது இடத்தில் நின்ற பாட்டும் எங்கள் அம்மாவும்

அம்மா காலமான முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் வெளியிட வேண்டும், மூத்த பிள்ளையாகிய நீதான் அதில் எழுத வேண்டும் என்று அப்பா சொன்ன நாளிலிருந்து, எந்த அம்மாவை எழுதுவது என்று தடுமாறிக்கொண்டிருக்கிறேன். பிறந்தது முதல் நாங்கள் அறிந்திருந்த அம்மா ஒருவர். இறுதி மாதங்களில் எங்கள் கண் முன்னால் எழுந்து வந்த அம்மா வேறொருவர். அந்தத் திகைப்பு இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருவரையும் எழுதுகிறேன்.

அம்மா மட்டக்களப்பு நகரில், வாவிக் கரையோரத்து ஓட்டு வீடொன்றில் பிறந்தார். தந்தையார் தச்சு வேலை செய்தவர். அம்மாவுக்கு ஒரே ஓர் அண்ணன். எங்களுக்கு மாமா. அவரை நாங்கள் கண்டதில்லை. யுத்தம் தொடங்கிய காலத்தில் ஒரு காலை வேலைக்கென்று சைக்கிளில் புறப்பட்டவர் திரும்பி வரவில்லை. "மாமா கச்சேரியில இருந்தவர்" என்று மட்டும் அம்மா சொல்லுவார். அரசாங்கச் செயலகத்தை நாங்கள் கச்சேரி என்பதால், மாமா ஓர் எழுதுவினைஞர் என்பதற்கு மேல் எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அண்ணனின் படத்தை எடுத்துக்கொண்டு அம்மா ஏறாத முகாம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. அந்தத் துயரத்திலேயே தாயும் தந்தையும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தேடித் திரிந்ததில் அம்மாவின் கல்யாணமும் பிந்தியது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். அம்மாவுக்கோ நகரத்து வீடு குண்டு விழுந்து கூரையில்லாமல் நின்றது. அதனால் வழக்கத்துக்கு மாறாக, உன்னிச்சைக் கிராமத்தில் வயலும் மாடும் வைத்திருந்த அப்பாவின் வீட்டு வளவுக்கு அம்மா வந்து சேர்ந்தார்.

உன்னிச்சையில் அம்மாவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பால் சேகரிக்கும் நிலையத்தில் பாலைச் சோதித்து எடுப்பது அவருடைய வேலை. தண்ணீர் கலந்த பால் வந்தால் கோபிக்கமாட்டார். கொண்டு வந்தவரின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, பாலை அப்படியே அவருடைய கேனுக்குள் ஊற்றித் திருப்பிக் கொடுப்பார். அதற்குப் பிறகு அந்த ஆள் தண்ணீர் கலந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத் தரையில் படுத்த நாட்களிலும், வெள்ளம் வந்து மாடுகளைக் கொண்டுபோன வருடத்திலும், அம்மா அழுது நாங்கள் பார்க்கவில்லை. அதிகம் பேசவும் மாட்டார். பாடவே மாட்டார். எங்களுக்குத் தாலாட்டுக்கூட இல்லை. முதுகில் தட்டித்தான் தூங்க வைப்பார். கோயிலில் பெண்கள் சேர்ந்து காவியம் பாடும்போது அம்மா கைகூப்பி நிற்பார், வாய் அசையாது. குரல் சரியில்லாதவர் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தபோது ஒரு காலை அம்மா சரிந்து விழுந்தார். நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். உயிர் தப்பியது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "இது" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்கும் "இது", வலிக்கும் "இது", என் பெயருக்கும் "இது". சொல்ல வந்தது வராமல் அம்மா கட்டிலின் சட்டத்தை இடது கையால் அடிப்பதைப் பார்க்க முடியாமல் அப்பா வெளியே போய் நின்றுகொள்வார்.

ஒரு பின்னேரம் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தபடி பாடத் தொடங்கினார்.

*பாதை வருது பாதை வருது, ஏறு மச்சானே*
*பார்த்துப் பார்த்து நின்றதிலே பகலும் போச்சுதே*

சீப்பு என் கையிலிருந்து விழுந்தது. ஒரு சொல் வராத அம்மாவின் வாயிலிருந்து ஒரு முழுப் பாட்டு, சொல் பிசகாமல், தாளத்தோடு வருகிறது. அதுவும் என்ன பாட்டு! தேவாரம் இல்லை. வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அந்தத் துறையில் தயங்கி நிற்கும் ஒரு வாலிபனை ஒரு பெண் கேலி பண்ணும் துள்ளல் பாட்டு. அம்மாவின் குரல் இளம் பெண்ணுடையதைப் போலத் தெளிவாக இருந்தது. மூளையில் இன்னும் ஏதோ நடந்துவிட்டதென்று எண்ணித் தாதியைக் கூப்பிட எழுந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் தன் மகளைப் பராமரித்துக்கொண்டிருந்த, ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் ஏறாவூர் முஸ்லிம் அக்கா அதற்குள் எழுந்து வந்துவிட்டார்.

"அல்லாஹ்வே! இது பத்தாம் பாட்டுத்தானே!"

"என்ன பாட்டு ராத்தா?"

"றேடியோவில கிழமைக்கொருக்கா பத்துப் பாட்டுப் போடுவாங்க மகள். ஆக்கள் போஸ்காட் போட்டுத் தெரிவு செய்யிற பாட்டு. பத்தாவதத்தான் முதல்ல போடுவாங்க. நான் சின்னப் புள்ளயா இரிக்கக்குள்ள இந்தப் பாட்டு எப்பயும் பத்தாவதுதான். மேல ஏறவும் இல்ல, கீழ விழவும் இல்ல. வாப்பாட கடை வாசல்ல நிண்டு கேப்பன். இது முடிய உம்மா குர்ஆன் ஓதப்பள்ளிக்குக் கலைச்சிருவா. மத்த ஒம்பது பாட்டும் என்னெண்டே எனக்குத் தெரியா. எனக்கு இதுதான் முதலாம் பாட்டு."

சொல்லிவிட்டு அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த அடியை மெதுவாக எடுத்தார்.

*அக்கரையில் அவள் இருக்க, அவசரமும் இல்லையோ*
*இக்கரையில் நின்று பல்லை இளிக்கிறதும் தொல்லையோ*

அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து பாடினார்கள். ராத்தாவின் மகள் படுத்தபடியே அதைத் தொலைபேசியில் பதிவு செய்தார்.

"ஒரு பொம்பிளப் புள்ள பாடின பாட்டு மகள்" என்றார் ராத்தா. "றேடியோவில குழுட பேர மட்டும்தான் சொல்லுவாங்க. பாடினது ஆரெண்டு ஒரு நாளும் சொன்னதில்ல."

அம்மா இடது கையை எடுத்துத் தன் நெஞ்சில் தட்டினார். "இது" என்றார். மறுபடியும் தட்டினார். "இது. இது."

அப்பா தேநீர்ப் போத்தலோடு வந்து நின்றது எனக்குத் தெரியாது. "இவவா?" என்றார். "இவ ஒரு நாளும் பாடினதில்லையே. இத்தின வருசமா என்னட்ட ஒரு சொல்லுச் சொன்னதில்லையே." போத்தலை என்னிடம் தந்துவிட்டு வெளியே போனார். மறுநாள் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. முற்றத்து மரத்தடி வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

பேச்சுப் பயிற்சி தரும் பிள்ளையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திகைக்கவில்லை. "சில பேருக்கு அப்பிடி வரும் அக்கா. பேச்சு இருக்கிற இடம் பழுதானாலும் பாட்டு இருக்கிற இடம் தப்பியிருக்கும். இனி நீங்களும் அந்த மெட்டிலயே கேளுங்க. அம்மா மறுமொழி சொன்னாலும் சொல்லுவா" என்றார். தாதிமார் சிரிக்கச் சிரிக்க நானும் "தண்ணி வேணுமா, தண்ணி வேணுமா, சொல்லு அம்மாவே" என்று பாடினேன். அம்மா யோசித்தார். பிறகு அதே மெட்டில், திக்கித் திக்கி, "தண்ணி வேணும்" என்றார். சிரித்த தாதிமார் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கட்டாரில் இருக்கும் என் தம்பி, ராத்தாவின் மகள் எடுத்த பதிவை முகநூலில் போட்டு, இந்தப் பாட்டைத் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டிருந்தான். கல்லடியிலிருந்து ஒரு முதியவர் அவனை அழைத்திருக்கிறார். பறங்கியர் குடும்பத்தைச் சேர்ந்தவர், பெயர் றொபேட் அங்கிள். "அந்தப் பாட்டுக்குப் பொங்கோ மேளம் அடிச்சது நான்தான் மகன். தங்கச்சி எந்த ஆஸ்பத்திரியில?" என்று அவர் கேட்டதாகத் தம்பி எனக்குச் சொன்னான்.

அவர் வருகிறார் என்று கேட்டதும் அப்பாவும் உள்ளே வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றார். றொபேட் அங்கிள் பொல்லை ஊன்றிக்கொண்டு வாசலில் தோன்றினார். அம்மாவுக்கு அவரை உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அம்மாவின் கண் அவரில் நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. இன்னும் ஒருவர் உள்ளே வர வேண்டும் என்பது போல அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. றொபேட் அங்கிள் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். பாட்டை எழுதி, மெட்டமைத்து, கிற்றார் வாசித்தவர் மாமா. கச்சேரி வேலை முடிந்ததும் மற்றக் கச்சேரிதான் அவருக்கு உயிர். பாடியவர் அம்மா. கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலில் எல்லாருமாகக் கொழும்புக்குப் போய் வானொலி நிலையத்தில் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். பெண் பிள்ளையின் பெயர் றேடியோவில் வரக் கூடாது என்று அம்மாவின் தாயார் சொன்னதால் குழுவின் பெயர் மட்டுமே வந்தது. பத்தாம் இடத்தை விட்டு ஏறவில்லையே என்று மற்றவர்கள் கவலைப்பட, மாமா மட்டும், "அடுத்த பாட்டு ஏறும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த அடுத்த பாட்டு வரவே இல்லை.

"அவன் காணாமப் போன பிறகு ஒரு கல்யாண வீட்டில பாடச் சொல்லி நான்தான் கேட்டன்" என்றார் றொபேட் அங்கிள். "அண்ணன் வரட்டும், அண்ணன் கிற்றார் அடிக்கட்டும், அப்பதான் பாடுவன் எண்டு தங்கச்சி சொல்லிற்றா. அதுக்கு மறுகா நான் கேக்கல்ல."

அப்பா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடமும் தன் பக்கத்தில் வாய் மூடியிருந்தவர் குரல் இல்லாதவர் அல்ல, காத்திருந்தவர் என்பது அப்போதுதான் அவருக்கும் விளங்கியது.

அந்த நேரத்தில் அம்மா பாடத் தொடங்கினார். பாட்டின் சொல்லை மாற்றிப் பாடினார்.

"அண்ணன் வருது... அண்ணன் வருது..."

அங்கேயே நிறுத்திவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அது பாட்டு அல்ல, கேள்வி என்பது எல்லாருக்கும் விளங்கியது. கட்டில் விளிம்பில் தாளம் போடத் தூக்கிய றொபேட் அங்கிளின் கை அந்தரத்தில் நின்றது. கட்டாரிலிருந்து வீடியோ அழைப்பில் தொலைபேசித் திரையில் இருந்த தம்பி, ஓம் என்று சொல்லும்படி எனக்குத் தலையசைத்தான். நானும் ஓம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

அப்பா முந்திக்கொண்டார். வாழ்நாளில் பாடியறியாத மனிதர், மெட்டு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் பாடினார்.

"இல்ல புள்ள... அண்ணன் வரல்ல... அண்ணன் இனி வரமாட்டார்..."

மாமா போன பிறகு அம்மாவிடம் இதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா அப்பாவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அழுதார். வெள்ளத்திலும் யுத்தத்திலும் அழாத அம்மா, எங்கள் எல்லாருக்கும் முன்னால், சத்தமாக, அண்ணனுக்காக அழுதார். அழுது முடிந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாதை வருது" என்று மறுபடியும் முதல் அடியிலிருந்து எடுத்தார். அண்ணன் வராமலே பாடினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அம்மா இருந்த காலம் சொற்பம். ஆனால் எங்கள் வளவில் அவ்வளவு சத்தம் முன்பு ஒரு நாளும் இருந்ததில்லை. சோறு கேட்பதும், மாட்டை அவிழ்க்கச் சொல்வதும், அப்பாவை ஏசுவதும் எல்லாம் அந்த ஒரே மெட்டில்தான். பால் கொண்டுவரும் ஆட்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நல்லாகி வருகிறார் என்று நாங்கள் நம்பியிருந்தபோது, ஒரு மத்தியானம், அப்பா ஊட்டிய சோற்றை விழுங்கிவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை.

வானொலி நிலையத்தில் விசாரித்தோம். அந்தக் காலத்து ஒலிநாடாக்கள் பல இப்போது இல்லை என்றார்கள். இசைத்தட்டாகவும் அது வெளிவந்ததில்லையாம். தாதியின் தள்ளுவண்டிச் சத்தத்துக்கும் யாரோ இருமும் சத்தத்துக்கும் நடுவே, ஏறாவூர்ப் பிள்ளையின் தொலைபேசியில் பதிந்த அந்த ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மாமா கிற்றார் வாசித்ததை நாங்கள் இனிக் கேட்க வழியில்லை.

அம்மாவைத் தம் தாயைப் போலப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், பாடச் சொல்லித்தந்த அந்தப் பயிற்சிப் பிள்ளைக்கும், செய்தி கேட்டதும் ஓடிவந்து பந்தல் போட்ட அயலவர்களுக்கும், அன்று பால் நிலையத்தை மூடிவிட்டு வந்த பால்காரர்களுக்கும் எங்கள் கை கூப்பிய நன்றி. தன் மகளின் நோயையும் வைத்துக்கொண்டு எங்கள் அம்மாவோடு சேர்ந்து பாடிய ஏறாவூர் ராத்தாவுக்கும், பொல்லூன்றி வந்து பாடையின் பின்னால் நடந்த றொபேட் அங்கிளுக்கும் நன்றி என்ற சொல் போதாது.

இந்த மலர் எங்கெங்கோ போகும். வெளிநாடுகளுக்கும் போகும். அப்பா அன்று சொன்னது உண்மையென்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மாமாவின் உடலைக் காணாத வீடு இது. எங்கேயாவது, எங்கள் அம்மாவின் சாயலில், கிற்றார் வாசிக்கத் தெரிந்த ஒரு முதியவரை உங்களில் யாராவது கண்டால், தங்கச்சி போய்விட்டார் என்று முதலில் சொல்லாதீர்கள். தங்கச்சி பாடினார் என்று சொல்லுங்கள்.