ஏழாவது படகில் எழுந்த பெயர்

2023 ஜனவரி 9 – முன்பணம் ரூ. 3,000
ஜனவரி 14 – ஏழு படகுகளுக்கு மீதி ரூ. 7,500
பிப்ரவரி 2 – திருப்பிக் கொடுத்தது ரூ. 1,500

முதல் இரண்டும் முத்துராஜ் வாங்கியவை. மூன்றாவது அவனாகத் திருப்பியது. பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் படகுகளுக்குப் பெயர் எழுதுவது அவன் தொழில். ஒரு திகில் படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களைப் படகுகளின் மேலேயே எழுதித் தரவேண்டும் என்று உதவி இயக்குநர் தௌஃபீக் வந்து கேட்டான். பழவேற்காட்டுக்காரன்தான்; இப்போது சென்னையில் சினிமா வேலை.

“டைட்டில்ல கதையைச் சொல்லக் கூடாதுண்ணா. ஆனா முடிவை அங்கியே ஒளிச்சு வெச்சிடணும், முகத்தைக் காட்டாம, துண்டு துண்டா. எழுத்தைக் கண்டா ஜனங்க மொதல்ல படிக்கத்தான் பாப்பாங்க. படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஓரத்துல ஒண்ணு நகர்ந்திருக்கும். இன்னா நகர்ந்துச்சுன்னு சொல்லத் தெரியாது.”

“ஒரு பக்கம் பாக்க வெச்சு இன்னொரு பக்கம் ஏமாத்துற. நம்ம மீன் ஏலம் மாதிரி,” என்றான் முத்துராஜ்.

பனியில் ஆளில்லாத படகுகள் ஒவ்வொன்றாக மிதந்து வரும்; ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். சுவருக்கு அடிக்கும் டிஸ்டம்பரைப் பூசி அதன்மேல் எழுதுவது, முடிந்ததும் கழுவிவிடுவது என்ற பேச்சில் ஆறு படகுகள் கிடைத்தன. ஏழாவதைத் தர யாருமில்லை. கரையில் ஆதிநாராயணனின் படகு சும்மா கிடந்தது; அதில் அவன் பெயரை எழுதியதும் முத்துராஜ்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் கடலிலிருந்து அந்தப் படகு மட்டும் திரும்பியது. அந்தக் குப்பத்தில், அப்படி வந்த படகின் பெயர்மேல் யாரும் பிரஷ் வைக்கமாட்டார்கள். வெயிலும் உப்பும்தான் அதை அழிக்கவேண்டும். எழுத்து தெரியும்வரை ஆள் வெளியே போயிருப்பதாகவே கணக்கு. மறைந்த பிறகுதான் காரியம் செய்வார்கள், மனைவியின் தாலியை இறக்குவார்கள். ஆதிநாராயணன் மனைவி ஜமுனா இன்னும் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவள் எளாவூரில் தாய் வீட்டில் இருந்தாள். கேட்டால் மறுப்பாள் என்று முத்துராஜுக்குத் தெரியும். மூடத்தானே போகிறோம், அழிக்கவில்லையே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, கடைசியாக வரும் இயக்குநர் பெயரை அந்தப் படகில் எழுதினான்.

விடியலில் ஆறு படகுகளும் காற்றின் போக்கில் தெற்கே நகர்ந்தன. ஏழாவது தானாகத் திரும்பி முகத்துவாரத்தைப் பார்த்துப் போயிற்று. நீர் வடிகிறது, அதன் இழுப்பு என்று முத்துராஜ் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். பனி ஈரத்தில் இயக்குநர் பெயர் கரைந்து வழிந்தது. அடியிலிருந்து ‘ஆதி’ எழுந்தது. பிறகு மற்ற எழுத்துகள், ஒவ்வொன்றாக. யாரும் ‘கட்’ சொல்லவில்லை; கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

படகைக் கரைக்கு இழுத்துவந்து கழுவியபோது, வெயிலில் செதில் செதிலாகக் காய்ந்திருந்த பழைய பெயரும் டிஸ்டம்பரோடு உரிந்து அவன் துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மாதக் கடைசியில், வெட்டி ஒட்டிய காட்சியைத் தௌஃபீக் லேப்டாப்பில் கொண்டுவந்தான். முதல் கார்டிலேயே ‘ஆதிநாராயணன் நினைவாக’ என்று இருந்தது. எளாவூரிலிருந்து திரும்பியிருந்த ஜமுனா கடைசிவரை பார்த்தாள். பிறகு முத்துராஜிடம் திரும்பினாள்.

“நீதான் எழுதினே, நீதான் தொடைச்சே. பாக்கி இன்னா, பாலையும் நீயே தெளிச்சிடு.”



“மரியாதைக்குத்தான் போட்டோம்க்கா,” என்றான் தௌஃபீக்.

“படகுல போயிடுச்சு. இனி அந்தப் பேரு இருக்கிறது இந்தப் படத்துல மட்டுந்தான். வேலை செஞ்சவங்க பேரு வர்ற எடத்துலதானே வருது?”

“ஆமாக்கா.”

“அங்கியே இருக்கட்டும். நினைவாகன்னு போட்டதை எடு. அதைப் படிச்ச அன்னிக்கே எல்லாரும் என் கழுத்தைப் பாப்பாங்க.”

“சார் கிட்ட சொல்றேன்.”

“வாயால சொல்றது காத்துல போவும். எழுதி வாங்கினு வா.”

இரண்டு நாள் கழித்து முத்துராஜ் ஏழாவது படகின் கூலியைத் தௌஃபீக் கையில் வைத்தான். “அந்தப் பேருக்கு ஆதி கிட்டயே கூலி வாங்கிட்டேம்ப்பா.”

குப்பத்துப் பெரியவர்கள் வந்து படகைத் தடவிப் பார்த்தார்கள். எழுத்து இல்லை. படத்தில் இருக்கிறது என்றாள் ஜமுனா. அது கணக்கில் சேருமா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. சினிமாக் கம்பெனியின் பதில் வரட்டும் என்று காரியத்தைத் தள்ளிவைத்தார்கள். வந்த இரண்டு கடிதங்களும் யோசிக்கிறோம் என்றன. அந்த மாதங்களில் முத்துராஜ் எந்தப் படகில் எழுதினாலும், ஈரப் பெயின்ட்டுக்கு அடியில் வேறொரு பெயர் மேலே வரப் பார்ப்பதுபோல் இருக்கும். காயும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டான்.

மூன்றாவது கடிதத்தில், நினைவு கார்டை எடுத்துவிட்டோம், ஏழாவது படகின் பெயர் அப்படியே வரும் என்று இருந்தது. முத்துராஜ் அதைப் பெரியவர்கள் முன்னால் உரக்கப் படித்தான். “அப்போ பேரு இருக்குது,” என்றார் ஒருவர். மற்றவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். ஒருவரும் ஜமுனாவின் கழுத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2023 ஜூன் 16.