தம்பி போட்ட மெட்டு

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். பிள்ளைகள் வேன் அக்கா என்பார்கள். அதைக் கேட்டு, பிள்ளைகளைப் பெற்றவர்களும், பள்ளிக்கூடக் காவலாளியும், கடைசியில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். வீட்டு ஆள் வாசலுக்கு வந்து பிள்ளையின் கையைப் பிடிக்காமல் இறக்கிவிட மாட்டாள். பின்னால் நிற்கிற கார்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனாலும் வேன் நகராது. "அவன் மாமா நிக்கிறார், அனுப்பிடுங்க" என்று யாராவது போனில் சொன்னால், "மாமா முகம் எனக்குத் தெரியாதே, நீங்களே வாங்க" என்பாள். ரொம்பத்தான் கறார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. கட்டிய கணவனுக்கே தெரியாது.

சின்ன வயதில் அவளை ஒருவன் கடத்திக்கொண்டு போனான்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். கார் ஒன்று வந்து நின்றது. "உங்க அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு, ஏறு பாப்பா" என்றான். ஏறிவிட்டாள். அவன் தூக்க நினைத்தது ஒரு முதலாளியின் மகளை. அதே சீருடை, அதே இரட்டைப் பின்னல், ஆள் மாறிப்போனது. அது அவனுக்கு உறைக்கும்வரை, மூடிக்கிடந்த ஒரு பெயிண்ட் கடையின் மாடி அறையில் அவளைப் பூட்டி வைத்திருந்தான். ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. பக்கத்து அறையில் அவன் முட்டை பொரிப்பான். பொரிக்கும்போது ஒரு மெட்டை முணுமுணுப்பான். மெட்டு மேலே ஏறும், ஓரிடத்தில் தயங்கும், இறங்கும், முடியப்போகிற நேரத்தில் மறந்துபோனவன் மாதிரி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவான். ஒரு தடவைகூட முடித்ததில்லை.

அந்த முணுமுணுப்பு கேட்கிறவரை அவன் அடுப்படியில் இருக்கிறான் என்று அர்த்தம். நின்றுபோனால் கதவு திறக்கும். சில சமயம் தட்டோடு வருவான். சில சமயம் வெறுங்கையோடு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் மெட்டு நிற்கக்கூடாது, நிற்கக்கூடாது என்று போர்வைக்குள் வேண்டிக்கொண்டே கிடந்தாள்.

ஆள் மாறியது தெரிந்ததும் ஒரு பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். வீட்டில் அம்மா அவளைக் குளிப்பாட்டி, தலை துவட்டியபடியே சொன்னாள்: "இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க." போலீசிடம்கூட, பிள்ளை வழி தவறிப் போயிருந்தது, கிடைத்துவிட்டது என்றே சொல்லிவிட்டார்கள். அவளும் மூச்சு விடவில்லை.

தம்பி அப்போது கைக்குழந்தை. அவள் இடுப்பில் வளர்ந்தவன் என்றே சொல்லலாம். கீபோர்டு வகுப்புக்கு அவனைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவள் அவள்தான். வளர்ந்து விளம்பரங்களுக்கு இசை போட்டான், அங்கே இங்கே வாசித்தான். பிறகு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஒரு பெண்ணைக் கடத்தி வீட்டுக்குள் அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவள் மனதைக் குலைக்கிற ஒருவனைப் பற்றிய படம். பின்னணி இசை முழுக்க அவன் பொறுப்பு.

ஒரு மத்தியான வேளை அவள் வீட்டுக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கால் ஒன்று ஆட்டம் கண்ட வாஷிங் மெஷின் மூலையில் டொக் டொக்கென்று தரையை இடித்துக்கொண்டிருந்தது.

"எதைப் போட்டாலும் டைரக்டர் வேண்டாம்கிறாருக்கா. பயம் வரலையாம்."

"பேய்ப் படத்துல வர்ற மாதிரி வயலினை இழுத்துவிடு."

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான். "உன்னை அடைச்சு வெச்சிருந்தப்போ என்ன சத்தம்க்கா கேட்டுச்சு? அம்மா ஒரு தடவை ஏதோ சொன்னாங்க."

இத்தனை வருடங்களில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், முட்டை பொரித்தது, போர்வை, நின்றால் கதவு திறப்பது. மெட்டை முணுமுணுத்தும் காட்டினாள். முடிவு இல்லாமல்தான் விடுவான் என்றும் சொன்னாள். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அவன் போன பிறகு அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கூடப்பிறந்தவன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

படம் வந்தது. குடும்பத்தோடு முதல் நாளே போனார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், மச்சான் பெயர் திரையில் வந்ததும் விசில் அடித்தான். பெயர்கள் மறைந்து திரை இருண்டபோது ஒரு பெண்ணின் முணுமுணுப்பு கேட்டது.

அது அவளுடைய குரல்.

குரலுக்கு அடியில் டொக், டொக் என்று ஒரு சத்தம் தாளமாக ஓடியது. அது என்ன சத்தம் என்று அந்த அரங்கில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். தம்பி அழுதபோது அவன் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

படத்தில் வில்லன் அந்த மெட்டை முனகுவான். முனகல் நின்றால் கதவு திறக்கும். அது நிற்கும் ஒவ்வொரு முறையும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இடைவேளையில் கணவன், "உன் தம்பி பின்னிட்டான், போ" என்று அவள் தோளைத் தட்டினான். கடைசிக் காட்சியில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து அந்த மெட்டை எடுத்தன. ஏறின, தயங்கின, இறங்கின, நிற்காமல் மேலே போய் முடித்தும் வைத்தன. அவள் ஒருநாளும் கேட்டிராத முடிவு. கைதட்டலுக்கு நடுவே எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

அந்த வாரமே டிவியில் தம்பியிடம் கேட்டார்கள், இப்படி ஒரு மெட்டு எங்கிருந்து கிடைத்தது என்று. "ஒரு ரயில் பயணத்துல, ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கும்போது தானா வந்துச்சு" என்றான். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக அவன் ஸ்டுடியோவுக்குப் போனாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தியதும் வெளி உலகம் காதிலிருந்து கழன்றுபோயிற்று.

"எந்த ரயில்டா அது?"

"உன் பேரைச் சொல்லியிருந்தா உனக்குத்தானேக்கா சங்கடம்? உனக்காகத்தான் மறைச்சேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்க."

"உனக்கு நடந்த கெட்டதுலேருந்து ஒரு நல்லதை எடுத்திருக்கேன்னு நினைச்சேன். எத்தனை பேர் கேட்டுட்டு அழுறாங்க தெரியுமா?"

"நீகூடத்தான் அழுத" என்றாள். அவன் கீபோர்டு பக்கம் திரும்பிக்கொண்டான். அவளே மறுபடி கேட்டாள். "அதுக்கு முடிவு இல்லைன்னு சொன்னேனேடா. எதுக்கு முடிச்ச?"

"முடிக்காம விட்டா ஜனங்களுக்குக் குறையா இருக்கும்னு டைரக்டர் சொன்னாரு. இதெல்லாம் அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்."

அது அவள் எதிர்பார்க்காத அடி. அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா முதலில் பிடி கொடுக்கவில்லை. பிறகு, "அவனுக்கும் ஒரு வழி பிறக்கணுமே" என்றாள்.

"வெளியில சொல்லக்கூடாதுன்னு என் வாயைக் கட்டினது நீதானே?"

"வாயால சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னேன். இது வெறும் பாட்டுதானே. யாருக்குத் தெரியப்போகுது?"

அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மெட்டு ஊரெல்லாம் பரவியது. கடைத்தெருவில் யாருடைய போனாவது அப்படி ஒலித்தது. வேனில் பின் இருக்கைப் பிள்ளைகள் முனகி, சட்டென்று நிறுத்தி, ஒருவரையொருவர் பயமுறுத்திச் சிரித்தார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவன் முகம் மழித்துக்கொண்டே, மச்சான் மேலுள்ள பெருமையில், அதே மெட்டை முணுமுணுத்தான். அவள் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நுரை வழியும் முகத்தோடு ஓடிவந்தவனிடம் முதலிலிருந்து சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்ததும் ஆறுதல் சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லையா?" என்றான்.

தம்பியால் தனக்கு வந்த அதே வலியை இப்போது இவன் முகத்தில் பார்த்தாள். அன்று முழுக்க அவன் பேசவில்லை. பாடவும் இல்லை. எதையாவது முனகிக்கொண்டே இருக்கிற மனிதன் அப்படி இருந்ததில் வீடே அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் டீயைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள்.

"திட்டுறதுன்னா திட்டிடுங்க. இல்ல வேற ஏதாவது பாட்டுப் பாடுங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க."

அவன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "எனக்கு நல்லாப் பாட வராதே" என்றான்.

"அது தெரிஞ்சதுதானே."

சிரிப்பு வராவிட்டாலும் பேச்சு வந்தது. பிறகு அவனாகவே ஒவ்வொன்றாகக் கேட்டான். சிலதற்கு அவள் பதில் சொன்னாள், சிலதற்கு இன்னொரு நாள் சொல்கிறேன் என்றாள். அவன் வற்புறுத்தவில்லை.

மாதங்கள் கழித்து அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சில், நடுவில் அம்மாவின் கைப்பை. அவன் அதற்குள் பெரிய ஆள். போகிற வருகிற நர்சுகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு பேட்டி இருக்குக்கா. அதுல உண்மையைச் சொல்லிடட்டுமா? எங்கக்கா மெட்டுதான்னு."

"வேண்டாம். அது என் கதை. சொல்ல வேண்டியவர்கிட்ட நான் சொல்லிட்டேன்."

"இன்னும் கோவமா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "கோவம் ஆறிப்போச்சு. ஆனா உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னா அதை எங்க கொண்டுபோய் வைப்பியோன்னு இருக்கு. கூடப்பிறந்தவன்கிட்ட அளந்து அளந்து பேசுறதுக்குப் பேசாமலே இருக்கலாம்."

அவன் கண் கலங்கியது. அவள் அதைப் பார்த்தாள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததும் பொய்யில்லைதான். அதனால் கையை நீட்டவில்லை.

கட்டுப் போட்ட கண்ணோடு அம்மாவை அழைத்துவந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படி இறக்கினார்கள். சொட்டு மருந்தை எப்படிப் போட வேண்டும் என்று அவள் தம்பிக்கு நிதானமாக விளக்கினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றான். அதன்பிறகு அவர்களுக்குள் பேச்சு என்றால் அம்மாவின் மருந்தும் ஆஸ்பத்திரியும்தான். இன்றுவரை அப்படித்தான்.