மிராசுதார் தண்ணீரில் ஓடிய கார்

கொதிக்கும் துருத்தண்ணீரின் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குக் குஷி பிறந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அது வண்டி பழுதான வாடை. எனக்கு, முதன்முதலாகக் காரில் ஏறிய ஒரு சித்திரை மாதத்து வாடை.

எங்கள் பக்கம் அப்போது காரை ‘பிளசர்’ என்றுதான் சொல்வார்கள். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம். நாங்கள் குடிசை போட்டிருந்த இடம் தன் களம் என்று மிராசுதார் சாதித்தார். எங்கள் மனை என்று அம்மா மனுக் கொடுத்திருந்தாள். அன்று தாசில்தார் விசாரணை. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் மனு தள்ளுபடி, குடிசையும் போய்விடும். அன்றைக்கென்று பார்த்துக் காலை பஸ் வரவில்லை. பேராவூரணியிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு நாகூர் திரும்பிக்கொண்டிருந்த வியாபாரி ஜமால் அண்ணன், ரோட்டில் தவித்து நின்ற எங்களைத் தன் ஓட்டைப் பிளசரில் ஏற்றிக்கொண்டார்.

மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, காற்றுக்கு வாயைத் திறந்துகொண்டே வந்தேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முன்பக்கம் ‘புஸ்’ஸென்று ஆவி கிளம்பிற்று. ரேடியேட்டர் ரப்பர் குழாய் கிழிந்து, தண்ணீர் ரோட்டில் கோடு போட்டிருந்தது. சூடு தணிந்ததும் அம்மா முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள். ஜமால் அண்ணன் அதைக் குழாயில் சுற்றி, மேலே சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கினார். கட்டு நின்றது, உள்ளேதான் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்காத மாதம், வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. தண்ணீர் ஓடியது ஒரே இடத்தில்தான்: அடுத்த வளைவில், மிராசுதாரின் பம்புசெட்டில்.

அந்தத் தொட்டியில் எங்கள் குடம் படக்கூடாது. எட்ட நின்று, யாராவது மனசு வைத்து ஊற்றினால் பிடித்துக்கொள்ள வேண்டும். மிராசுதாரின் நிலங்களைக் கவனித்துவந்த ‘காரியக்காரர்’ முந்தின வாரம்தான் அம்மாவின் குடத்தைக் காலால் உருட்டிவிட்டிருந்தார். குனிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜமால் அண்ணன் வண்டியை மெல்ல உருட்டினார். நானும் அம்மாவும் மூட்டைகளுக்குள் பதுங்கினோம். சிரிப்பை அடக்கமாட்டாமல் பாவாடையை வாயில் திணித்துக்கொண்டேன்.

பிளசரைக் கண்டதும் காரியக்காரர் துண்டைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார். வண்டி சூடாகிவிட்டதா பாய், நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள் என்று சொல்லி, தானே தொட்டியில் வாளியை முக்கிக் கொண்டுவந்து ஊற்றினார். காருக்கு! மனுஷிக்குக் கிடைக்காத மரியாதை தகர டப்பாவுக்குக் கிடைத்தது.

அவர் அடுத்த வாளியோடு வரும்போது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நிறைய ஊத்துங்க. தூரம் போவணும்.”

வாய்க்கு வாய் அவரை ‘ஐயா’ என்பவள். அன்று அந்த ஐயா இல்லை. மனுஷன் வாளியோடு குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏய், நீயா? எங்கடி போற பிளசர்ல?”

“நான் வரமாட்டேன்னு ஒங்க மொதலாளி தெம்பா ஒக்காந்திருப்பாருல்ல, அங்கதான்.”

ஜமால் அண்ணன் அவர் கையிலிருந்த வாளியை வாங்கி, மிச்சம் வைக்காமல் ஊற்றி, மூடியைத் திருகி, வண்டியைக் கிளப்பினார். நான் பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, காரியக்காரர் எறும்பளவு ஆகும்வரை பார்த்தேன். வழியெல்லாம் கட்டு சொட்டியது, ஆவி அடித்தது, எனக்கோ தேர் ஏறிய சந்தோஷம்.

தாலுக்கா ஆபீஸில் அம்மாவின் பெயரைக் கடைசித் தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “இருக்கேன்” என்று வாசலிலிருந்தே அவள் போட்ட சத்தத்தில், நாற்காலியில் சாய்ந்திருந்த மிராசுதார் திரும்பிப் பார்த்தார். விசாரணை நடந்தது. இழுத்தடித்துத்தான் பட்டா வந்தது, ஆனால் வந்தது.

அந்தப் பம்புக் கொட்டகை இப்போது இல்லை. தொட்டியை இடித்து, வயலைப் பிளாட் போட்டு, கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் காலம் போல வருமா என்று யாராவது என்னிடம் அங்கலாய்த்தால் எழுந்து போய்விடுவேன். போனது போகட்டும். எங்கள் மனையில் எங்கள் வீடு நிற்கிறது.