கொரிய அன்ரியின் கறுப்புப் பை

யாராவது கறுப்புத் துணிப்பையோடு வீட்டுக்கு வந்தால், இன்றும் என் கண் முதலில் அந்தப் பைக்குள்தான் போகும். தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பாட்மென்டுக்கு அடுத்த கதவு கொரிய அன்ரியுடையது. முழங்காலில் நிறுத்தி வில்லால் இழுக்கும் ஹேகும் என்ற இரண்டு தந்தி வாத்தியத்தை ஏதேதோ மெஷின்களோடு பூட்டி, வால் மிதிபட்ட பூனை போலச் சத்தம் எழுப்புவார். அதற்குப் பெயர் புதிய இசையாம். "உதுவும் ஒரு பாட்டோ பிள்ளை?" என்று அம்மா சிரிப்பார். ஆனாலும் எங்கள் வீட்டில் தோசை சுட்டால் அந்தக் கதவுக்கும் இரண்டு போகும்.

ஊரில் இருந்த என் தம்பி ஷெல் விழுந்து செத்த செய்தி போனில் வந்தது. போவதற்குப் பாதையில்லை. அழுவது ஒன்றைத்தான் அம்மாவால் அவனுக்குச் செய்ய முடிந்தது. செத்தவீட்டுக்கு ஒவ்வொரு பெண் வரும்போதும் அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரியை முதலிலிருந்து தொடங்குவது எங்கள் வழக்கம். கொரிய அன்ரியும் வந்தார். வஞ்சகமில்லாத அம்மா அவரையும் கட்டிக்கொண்டு, "என்ரை ராசா, ஆரடா உனக்குக் கொள்ளி வைச்சது" என்று கதறினார். மற்றவர்களைவிட அதிக நேரம் அன்ரி அம்மாவை விடவேயில்லை. இரண்டு நெஞ்சுக்கும் நடுவில் அவருடைய பை நசிந்துகொண்டிருந்தது. என்ன பாசம் என்று நான் உருகிப்போனேன்.

அடுத்த மாரியில் டவுன்டவுனில் நடந்த தன் கச்சேரிக்கு அழைத்து, எங்களை முன்வரிசையில் இருத்தினார். விளக்கு அணைந்ததும் ஸ்பீக்கரில் அம்மா அழுதார். "என்ரை ராசா, என்ரை ராசா." அன்ரி அதை வெட்டி, ஒட்டி, தலைகீழாகவும் ஓட்டியிருந்தார். செத்தவீட்டில் அந்தப் பைக்குள் குரல் பதியும் ரேப் ரெக்கோடர் இருந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பக்கத்தில் இருந்த அம்மா தன் குரலைக் கேட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். பாவி, அன்ரி நிறுத்தவில்லை. கண்ணை அம்மாமேல் வைத்தபடி, அம்மா மூச்சு வாங்கும் இடமெல்லாம் பார்த்து வில்லை இழுத்தார். இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று நினைத்த சனம் எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் கதவைத் தட்டிச் சண்டை பிடித்தேன். அது அழகாக இருந்தது என்றார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அம்மா அழவேயில்லை. தம்பியின் ஆண்டுத் திவசத்திலும் காய்ந்த கண்ணோடு இருந்தார். பெத்த மனம் கல்லாய்ப் போச்சு என்று வந்தவர்கள் குசுகுசுத்தார்கள். என்னிடம் மட்டும் அம்மா சொன்னார்: "வாயைத் திறந்தா கைதட்டுற சத்தம் கேக்குது பிள்ளை."

போன மாதம் அம்மாவும் போய்விட்டார். செத்தவீட்டு மண்டபத்தில் எல்லோரும் நாகரிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நரைத்துப்போன கொரிய அன்ரி, கறுப்புப் பையோடு வந்து கையை விரித்தார். நான் பையைப் பிடுங்கித் துழாவினேன். முகம் துடைக்கும் கைலேஞ்சியும் கண்ணாடிக்கூடும்தான் இருந்தன. அவர் என்னைக் கட்டிக்கொண்டு, சொல் எதுவும் இல்லாமல், அம்மாவின் அதே ராகத்தில், அம்மா மூச்சு வாங்கிய அதே இடங்களில் மூச்சு வாங்கி அழுதார். அங்கே வாய்விட்டு அழுதது அவர் ஒருவர்தான். எனக்கு அழுகை வரவில்லை.